இன்சூர் செய்த கப்பல் கடிகாரம்

கடிகாரம் வீட்டை விட்டுப் போகாது. போகவே போகாது. லிங்கராஜ் பல் தேய்த்துக்கொண்டே இந்த முடிவை எடுத்தார். வாயில் நுரை இருந்ததால் வெளியே சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். அடுப்படியில் மனைவி பகவதி இருந்தாள்.

தூத்துக்குடியில் கயிறும் பெயிண்டும் விற்கிற கடைக்காரர் லிங்கராஜ். கடையில் ரொம்பக் கறார். வீட்டில் அவர்மேல் அப்படி எந்தப் புகாரும் கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு பழைய கப்பல் சாமான்களை வாங்கிச் சேர்ப்பது. அதில் பெரிய சொத்து ஒரு பித்தளைக் கடிகாரம். சாவி கொடுத்தால் ஓடும். அரை மணிக்கு ஒரு தரம் கப்பலில் அடிக்கிற மாதிரியே கணீர் கணீரென்று அடிக்கும். அப்போதெல்லாம் லிங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டு நடுக்கடலில் இருப்பார். பகவதி காதை மூடிக்கொண்டு அடுப்படியில் இருப்பாள்.

வினை அவர் வாயாலேயே வந்தது. பகவதியின் தம்பி தாணுலிங்கம் சென்னையில் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். பந்தியில் மறுபடி மறுபடி பாயசம் வாங்கிக் குடித்த உற்சாகத்தில், "மச்சான், இந்தச் சொவத்துக்கு என் கப்பல் கடிகாரந்தான் பொருத்தம். அனுப்பி வைக்கேன்" என்று அத்தனை சொந்தக்காரர் முன்னாலும் லிங்கராஜ் சொல்லிவிட்டார். பாயசம் செரித்துவிட்டது. வாக்கு செரிக்கவில்லை.

"ஏங்க, எப்ப அனுப்புதிய? எங்க வீட்டாளுக முன்னாடி எனக்கு மானம் மரியாத வேண்டாமா?" என்று பகவதி தினமும் கேட்டாள்.

லிங்கராஜ் யோசித்தார். அச்சு அசலாக அதே மாதிரி ஒரு அலங்காரக் கடிகாரத்தைப் போனிலேயே தேடி வாங்கினார். அசலை லாஃப்ட்டில் பழைய குக்கர் அட்டைப்பெட்டிக்குள் பதுக்கினார். பகவதிக்கு மூட்டுவலி; லாஃப்ட்டில் ஏற மாட்டாள். நகல் சென்னைக்குப் போகும். கொஞ்ச காலம் கழித்து, "இன்னொண்ணு கெடச்சுது" என்று அசலை இறக்கிவிடலாம். யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க ஒரு முத்தாய்ப்பும் வைத்தார்.

"ஏளா, சும்மா அனுப்ப மாட்டேன். கூரியர்ல இன்சூர் பண்ணி அனுப்புதேன்."

"என்னத்துக்கு இன்சூரு?"

"வழியில ஒடஞ்சா? தொலஞ்சா? என்ன மாதிரிச் சாமான் அது!"

நகலுக்கு எவனாவது இன்சூரன்ஸ் எடுப்பானா? தன் மூளையை நினைத்து லிங்கராஜுக்கே கண் கலங்கியது.

கூரியர் ஆபீசுக்குப் பகவதியும் கூடவே வந்தாள். கவுண்டரில் ஜெபகனி என்ற பெண் இருந்தது. பெட்டியை வாங்கியதும் கத்திரிக்கோலை எடுத்தது.

"எம்மா, என்ன செய்யுத?" என்று பதறினார் லிங்கராஜ்.

"இன்சூர் பண்ணணும்னா பிரிச்சுப் பாத்துத்தான் எடுப்போம் அண்ணாச்சி. சும்மா அனுப்புறதுன்னா அப்படியே குடுத்துட்டுப் போயிரலாம்."

இது அவர் திட்டத்தில் இல்லை. ஜெபகனி கடிகாரத்தைத் திருப்பி, பின்பக்க மூடியைத் திறந்தது.

"சாவி குடுக்குற பழைய கடிகாரம்னு சொன்னிய. உள்ள பேட்டரி செல்லு கெடக்கு?"

லிங்கராஜ் அவசரமாகச் செல்லைக் கையால் மறைத்தார். பகவதி எட்டிப் பார்த்தாள்.

"அது... ஸ்டெப்னி மாதிரி" என்றார். "நடுக்கடல்ல சாவி குடுக்க மறந்துட்டா ஓடணும்லா?"

ஜெபகனி பகவதியைப் பார்த்தது. பகவதி சாதாரணமாகத் தலையாட்டினாள்.

"ஆமா. கப்பக்காரனுவ யோசிச்சுத்தான செய்வானுவ."

லிங்கராஜ் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடவுள் தனக்கு எப்பேர்ப்பட்ட வெகுளியைக் கட்டிவைத்திருக்கிறார்!

"செல்ல எடுத்துருங்க" என்றது ஜெபகனி. "இந்த அட்டைப்பெட்டியும் ஆவாது. கட்டு சரியில்லாம ஒடஞ்சா இன்சூரன்ஸ் நிக்காது. நல்லாக் கட்டி, கட்டும்போதே வீடியோ எடுத்துக் கொண்டாங்க. வழியில சேதாரமானா, தொலஞ்சா பணம் வரும். பத்திரமாப் போய்ச் சேந்துட்டா ஒண்ணும் கெடையாது."

"நான் கட்டுதேன்" என்றாள் பகவதி. உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி வீட்டுப் பெண் அவள். அவள் அப்பா கட்டிய சிப்பம் கப்பலேறிப் போனாலும் ஒரு கருப்பட்டிக்கும் மூக்கு உடையாது.

மறுநாள் அவர் கடையிலிருந்து வந்தபோது வேலை முடிந்திருந்தது. ஓலைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் தேங்காய்த் தும்பு திணித்து, பலகைப் பெட்டியில் அடைத்து, அவர் கடைக் கயிற்றாலேயே கட்டியிருந்தாள். "வீடியோ பாக்குதியளா?" என்று போனை நீட்டினாள். "நீ கட்டுனா சரியாத்தாம்ளா இருக்கும்" என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டார். பெட்டி ஏகப்பட்ட தொகைக்கு இன்சூர் ஆகிச் சென்னைக்குப் போனது.

அதற்குப் பிறகு வீட்டில் நல்ல நாட்களாகவே இருந்தன. மணிச் சத்தம் இல்லாததால் பகவதி மதியம் நிம்மதியாகத் தூங்கினாள். லிங்கராஜும் தூங்கினார். சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே தூங்கினார். அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாணுலிங்கம் கூப்பிட்டான்.

"அத்தான், ஒரு கீறல் இல்லாம வந்து சேந்துட்டு! சாவி குடுத்தேன். மணி என்னமா அடிக்கு! தெருவே நின்னு கேக்குது!"

சாவியா? மணியா? லிங்கராஜ் போனை வைத்தார். ஏணியை இழுத்துப் போட்டு லாஃப்ட்டில் ஏறினார். குக்கர் பெட்டியைத் திறந்தார். உள்ளே நகல் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. நேரம் துல்லியமாக இருந்தது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பகவதி நின்றாள்.

"பாத்து எறங்குங்க. புது செல்லு போட்டுருக்கேன். சாவி குடுக்க மறந்துட்டாலும் ஓடணும்லா?"

"ஏளா... இங்கன இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு வாய்ச் சோத்துக்கும் லாஃப்ட்ட அண்ணாந்து அண்ணாந்து பாத்தா? மூட்டுவலியோட ஏறி எடுத்தேன்."

லிங்கராஜ் ஏணியின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். "அது என் உசுருல்லா பகவதி" என்றார்.

"தெரியும். அதாம் இன்சூர் பண்ணி அனுப்புனிய."

லிங்கராஜ் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. ஆமாம்! இன்சூரன்ஸ் இருக்கிறதே! அத்தனை தொகை! "அப்ப எனக்குப் பணம் வருமாளா?"

"எப்படி வரும்? அதான் பத்திரமாப் போய்ச் சேந்துட்டே."