முடி துறக்கப் பன்னிரண்டு வருஷம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் ஊரில் ஓ.எல். பரீட்சை, பத்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். கடந்த இருபது வருஷத்தில் நான் எழுதியவை கடைச் சாமான் துண்டுகளும் படிவங்களில் என் பெயரும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். ஆனால் அரண்மனை அண்ணையைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

உலகத்தில் எந்த ராசாவும் ராசாக்களைப் பற்றி அரண்மனை அண்ணை அளவுக்குக் கவலைப்பட்டிருக்க மாட்டார். இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு நாலாம் மாடி வீட்டில், தொண்ணூறு தாண்டிய, வீட்டுக்கார அம்மாவான ஒரு சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கி வேலை செய்தவர் அவர். லிப்ட் இல்லாத அந்த வீட்டுக்கு அவர் வைத்த பெயர் அரண்மனை. எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுவே.

சிஞ்ஞோராவின் தகப்பன் அந்தக் காலத்தில் இத்தாலி ராசாவின் ஆள். ராசாவின் படம் இன்னும் சுவரில் தொங்கியது. கிழமைக்கு ஒருமுறை வரும் சஞ்சிகையில் அரச குடும்பங்களின் செய்தியை உரத்து வாசித்துக் காட்டுவதும் அண்ணையின் வேலை. அவர் இத்தாலிய மொழி படித்தது அப்படித்தான். முடிசூட்டு விழா, முடிக்குரிய இளவரசர், பதில் ஆட்சி எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெங்காயம் வாங்கும்போது மட்டும் சந்தையில் விரலை நீட்டுவார். ஒருமுறை பெர்மெசோவை, அதாவது வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம், “இவ்விடத்தில் தற்போது ஆட்சி புரிபவர் யார்?” என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். அந்த மனுசன் சிரித்துச் சிரித்து இவரை வரிசையின் முன்னுக்கே கூட்டிக்கொண்டு போனாராம்.

அண்ணைக்கு ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிறும். ஒன்பது வருஷம் அந்த நேரங்களில் அவருக்குப் பதிலாக நின்றவள் நான். “ராசா இல்லாத நேரம் ராச்சியம் பாக்கிற றீஜன்ற் நீர்” என்பார். வியாழன் இரண்டு மணிக்கு வாசலில் வைத்து, வீட்டுச் சாவிகள் கோத்த திறப்புக் கோர்வையை நீட்டுவார். நான் பிடிப்பேன். அவர் விடமாட்டார்.

“இறுக்கிப் பிடிச்சிட்டீரோ?”

“ஓம் அண்ணை.”

“வடிவாப் பிடியும். ஒரு ராசா சாகிற அந்த நொடியே அடுத்தவர் ராசா. கண் மூடித் திறக்கிற நேரமும் கதிரை வெறுமையாக் கிடக்கப்படாது. விளங்குதே?”

“விளங்குது அண்ணை, விடுங்கோ.”

உள்ளே சிஞ்ஞோரா கோப்பி கேட்டுக் கத்திக்கொண்டிருப்பார்.

பலேர்மோவில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சிஞ்ஞோரா வீட்டு வேலையை யாரும் சும்மா விட்டுப் போவதில்லை. லண்டனுக்குப் போகிறவரோ, உடம்பு ஏலாமல் போனவரோ, தன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் போவார். அண்ணையின் முழங்கால்கள் போய்ப் பன்னிரண்டு வருஷம். பன்னிரண்டு வருஷமாக, “வாற பொங்கலோடை முடி துறக்கிறன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொங்கல் வந்தது, போனது.

அவருடைய மச்சான் நகரத்தின் மறுபக்கம், பிரான்காச்சோவில் இருந்தார். பதினெட்டு வருஷமாக எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். ஒரு கூட்டத்தில் அண்ணை எழும்பி நின்றுவிட்டார்.

“ஒரு ராணி, வருசம் பிறக்கிறதுக்கு முதல் நாள் ரீவீயிலை கதைக்கேக்கை சொல்லிப்போட்டு, ரெண்டு கிழமையிலை இறங்கினவ. ஒரு மேசை, ஒரு பேனை, ஒரு கையெழுத்து. தாய் எழும்பினா, மகன் இருந்தார். உமக்கு இறங்க என்ன மச்சான் கஷ்டம்?”

மச்சான் அசையவில்லை. “உம்மடை முழங்கால் மடங்காமல் பன்னிரண்டு வருசம். முதல்லை நீர் இறங்கும் பாப்பம். இறங்கினால் அந்த இடத்துக்கு என்ரை மருமகனை விடும். ரத்தச் சொந்தம்.”

“முடி துறக்கிறவர் தனக்குப் பிறகு ஆரெண்டு தன்ரை விருப்பத்துக்குச் சொல்லேலாது. வரிசை முதலே எழுதிக் கிடக்கும். ஒன்பது வருசமா வியாழனும் ஞாயிறும் நிண்டது இந்தத் தங்கச்சி.”

“பொம்பிளையோ? சிஞ்ஞோராவைத் தூக்குவாவோ?”

“நீர் எந்த நூற்றாண்டிலை இருக்கிறீர்? இப்ப கன நாட்டிலை மூத்தது பெட்டையெண்டால் பட்டமும் பெட்டைக்குத்தான். சட்டத்தையே மாத்திப்போட்டாங்கள்!”

சபை என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பின்னால் போய்க் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். கூட்டம் முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அடுக்கிய கதிரைகளை ஆட்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷம்தான் நான் காலையில் வேலை செய்த வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போனார். வேலை ஒப்பந்தம் இல்லாமல் என் பெர்மெசோவைப் புதுப்பிக்க வழி தெரியவில்லை. அது முடிய நாலு மாதம் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வியாழன் திறப்பைப் பிடித்ததும், அவர் கேட்க முதலே “ஓம் அண்ணை” என்றுவிட்டேன். என்ன நடந்ததென்று அண்ணை கேட்டார். சொன்னேன்.

நெடுநேரம் அவர் கோர்வையை விடவில்லை.

“இறங்கின ராசாவுக்கு அரண்மனையிலை ஒரு அறை குடுப்பினம், தங்கச்சி. எனக்கு அந்தக் குசினிக்குப் பக்கத்து அறைதான் ஊர், வீடு, எல்லாம். இருபத்தாறு வருசம். இறங்கினால் பிறகு ஏறேலாது.”

“வேண்டாம் அண்ணை.”

“நீர் சும்மா இரும். வரிசையிலை நிக்கிறவைக்கு வாய் இல்லை.”

அடுத்த வியாழன் குசினி மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஒரு பேனை, அவர் கைப்பட எழுதிய விலகல் கடிதம். எல்லாம் சஞ்சிகை இத்தாலியன்: ‘நீண்ட சிந்தனையின் பின், இந்த இல்லத்தின் நன்மையைக் கருதி...’ சிஞ்ஞோரா கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு, “நான் இறங்கமாட்டேன்” என்றார். அண்ணை தன் நெஞ்சில் கையை வைத்து, “நீங்கள் இல்லை, நான்” என்றார். சிஞ்ஞோரா பேனையைத் தட்டி மேசைக்கு அடியில் விழுத்தினார். அண்ணையால் குனிய முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நாலு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்குப் போனார். சிஞ்ஞோராவின் மகன் மிலானிலிருந்து வந்து என் பெயருக்கு ஒப்பந்தம் எழுதினார். நான் சஞ்சிகையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு இளவரசியின் கலியாணத்தை நடத்தி முடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டு பொறுத்தார். நாள்தோறும் இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். “ராச்சியம் எப்பிடி?”

நான் ஆட்சி செய்தது பத்தொன்பது நாள். என் பெர்மெசோப் படிவங்களை அனுப்ப இருந்த கிழமையில், வியாழன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். பார்க்க ஆள் இல்லையென்றால் பார்க்கிறவளுக்கு ஒப்பந்தமும் இல்லை. டாக்டர் வந்து மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மகன் மறுநாள்தான் வரமுடியும் என்றார்.

அண்ணைக்குச் சொன்னேன். நாலு மாடி ஏற அவருக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு படியிலும் அவர் ஊன்றும் பொல்லுச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர், கட்டிலில் கிடத்தியிருந்தவரைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“என்ரை பிழை, தங்கச்சி. இந்த நாட்டின்ரை கடைசி ராசாவுக்கும் இதுதான் நடந்தது. தேப்பன் பிந்தித்தான் இறங்கினவர். மகன் ஒரு மாதமும் கொஞ்சமும் இருந்தார். சனம் வாக்குப் போட்டு முடியே வேண்டாமெண்டிட்டுது. எத்தினை தரம் இவவுக்கு வாசிச்சனான்! போன பொங்கலுக்கு இறங்கியிருந்தால் உம்மடை பேப்பரெல்லாம் முடிஞ்சிருக்கும்.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ” என்றேன்.

அவர் மேசையில் இருந்த சஞ்சிகையை எடுத்தார். நான் பாதியில் மடித்து வைத்த பக்கத்தை, ஒரு சின்ன நாட்டு ராசா முடி துறக்கும் செய்தியைக் கண்டுபிடித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து உரத்து வாசிக்கத் தொடங்கினார்.

“ஆருக்கு அண்ணை வாசிக்கிறியள்?”

“அந்தச் சின்ன நாட்டிலை அடுத்தது ஆரெண்டு தெரியாமல் போறா. அது சரியில்லைத்தானே.”

வெங்காயம் கேட்கத் தெரியாத மனுசன். ஒரு சொல்லிலும் தடக்காமல், கடைசி வரி வரைக்கும் வாசித்தார். நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் ஒரு கதிரையை விட்டுக்கூட எழும்பியதில்லை. அவர் இருந்த ஒரே வீட்டை விட்டு எழும்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மகன் வந்தார். நான் திறப்புக் கோர்வையை நீட்டினேன். அவர் வாங்கிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.