நிஞ்ஜாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிழவனைத் தீர்த்துக் கட்டுவது என்று முடிவெடுத்தேன். போலீசுக்கு ஓடுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். கிழவன் ஜப்பான்காரன். வீடியோ கேமுக்குள் இருக்கிறான்.

கேமின் டப்பாவில் பெயர் ஜப்பான் எழுத்தில் இருக்கும். அதனால் எங்கள் செட்டில் அதைக் ‘கறுப்பு நிஞ்ஜா’ என்போம். முதல் பாகம் நான் ஐ.டி.ஐ. படிக்கும்போது கேசட்டில் வந்தது. வாயால் ஊதி ஊதிச் செருக வேண்டும். நிஞ்ஜா என்கிற முகமூடிக் கத்திவீரன் கட்டைவிரல் உயரம் இருப்பான். முன்னால் நடப்பான், குதிப்பான், பள்ளத்தில் விழுவான். திரும்பி நடக்கத் தெரியாது. இரண்டாம் பாகத்தில் சுவரேறக் கற்றுக்கொண்டான். மூன்றாம் பாகத்தில் ஒருத்தனே மூன்று பேராகத் தெரிந்தான். எல்லாப் பாகத்திலும் கடைசியில் வெள்ளை மீசைக் கிழவன் ஒருவன் கோட்டை வாசலில் உட்கார்ந்திருப்பான். எல்லாப் பாகத்திலும் அவன் என்னைக் கொன்றான். அப்புறம் பல வருஷம் புதுப் பாகமே வரவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

கல்யாணமான புதிதில் இந்த வரலாறு முழுவதையும் என் மனைவி பூமிகாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

இப்போது, 2005இல், நாலாம் பாகம் வந்துவிட்டது. கேசட் போய் பிளே ஸ்டேஷன். நிஞ்ஜாவுக்கு முகம், முதுகு, பிடரி எல்லாம் முளைத்துவிட்டன. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி நடக்கிறான். அவனுடைய வளர்ச்சியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நான் மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டில் எனக்கு இன்னும் ஒரே பக்கம்தான் நடக்க முடிகிறது.

கூட வேலை செய்யும் மோசஸின் மச்சான் துபாயிலிருந்து ஒரு பிளே ஸ்டேஷன் கொண்டுவந்திருந்தார். ஞாயிறு காலை கொடுத்து சாயங்காலம் வாங்கிக்கொள்வதாக மோசஸ் சொன்னான். அன்றைக்குப் பூமிகா பொன்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். இப்படி ஒரு ஞாயிறு ஆயுளில் இன்னொரு தடவை அமையாது. போனில் அவனை உறுதிப்படுத்திக்கொண்டேன்.

“மோசஸ், நிஞ்ஜா கண்டிப்பா ஊட்டுக்கு வரணும். நாள் பூரா கூடவே உக்காந்துக்கினு இருப்பேன். நிஞ்ஜா இல்லாத ஞாயித்துக்கெழமைலாம் ஒரு ஞாயித்துக்கெழமையா?”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பூமிகா நிற்கிறாள். கண் கலங்கியிருந்தது.

“இன்னாங்க, எங்க நைனாவையா கூப்ட்டீங்க?”

பூமிகாவின் அப்பா திருப்பாச்சூர் துளசிராமன். அவளுக்கு நைனா. சொந்த நிலம், நெல், வெள்ளை மீசை. போன பொங்கலுக்கு வரிசை கொண்டுவந்தவர் எங்கள் வீட்டு டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரிமோட்டை வாங்கி கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டேன். மாப்பிள்ளை தன் வாயால் கூப்பிட்டால் ஒழிய இந்தப் படி ஏறுவதில்லை என்று போனவர்தான். நானும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. நடுவில் கிடந்து தவித்தவள் பூமிகா.

“அது வந்து பூமிகா, நான் சொன்னது…”

“நைனா இல்லாம ஞாயித்துக்கெழமையே இல்லன்னீங்களே! என் காதால கேட்டேன்.”

“சரியா கேட்டியா?”

“நைனா இல்லன்னா வேற யாரு?”

யோசித்தேன். நிஞ்ஜா என்று சொன்னால் பிளே ஸ்டேஷன் பெட்டியை இவள் வீட்டுக்குள் விடமாட்டாள். நைனா என்று சொன்னால் மாமனாரும் வருவார், பெட்டியும் வரும். வயசானவர்கள் மத்தியானம் தூங்குவார்கள்.

“நைனாதான்,” என்றேன்.

“அத்த எதுக்கு மோசஸ் அண்ணன்கிட்ட சொன்னீங்க?”

“அவன்கிட்ட பைக் இருக்குதில்ல? கூட்டிக்கினு வரத்தான்.”

நான் சொல்லி முடிப்பதற்குள் திருப்பாச்சூருக்கு நம்பரைப் போட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.

“மாமா, ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “வர்றேன் மாப்ள,” என்றார். கெட்ட மனுஷர் இல்லை. சேனலில்தான் தகராறு.

ஞாயிறு காலை மோசஸ் பைக்கில் வந்தான். பின் சீட்டில் மாமனார். மாமனார் மடியில் என் பெட்டி.

“மிக்ஸியா மாப்ள?”

“ஆமா மாமா.”

பூமிகா எங்களுக்கு நாஷ்டா போட்டாள். பட்டுப்புடவையோடு கிளம்பும்போது வாசலில் நின்று, “நைனா, மாப்ள நாள் பூரா உங்க கூடவே இருக்கேன்னு சொல்லிக்கிறாரு. உட்றாதீங்க,” என்றாள்.

மத்தியானம் அவள் வைத்துவிட்டுப் போன கருவாட்டுக் குழம்பை மாமனாருக்கு இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினேன். பாயில் சாய்ந்தார். குறட்டை வந்தது. ஓசைப்படாமல் பெட்டியை டி.வி.யில் மாட்டினேன். காட்டைத் தாண்டினேன். ஆற்றைத் தாண்டினேன். கோட்டை வாசலில் அதே கிழவன். கத்தியை ஓங்கினேன். குறட்டை நின்றது.

“அந்தப் பெரியவர எதுக்கு மாப்ள வெட்றீங்க?”

“அவன் வில்லன் மாமா.”

“வெள்ள மீச வெச்சிக்கினு சிவனேன்னு வாசல்ல குந்திக்கினு கீறாரு. அவரா வில்லன்? கோட்ட யாருது?”

“அவருதுதான்.”

“அவரு ஊட்டுக்கே போயி அவரையே வெட்றீங்களா?”

மாமனார் என் கண்ணைப் பார்த்தார். அவர் மீசை துடித்தது.

“குடுங்க இப்டி,” என்று கையை நீட்டினார்.

ரிமோட்டை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் அனுபவித்தவன் நான். ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டேன்.

“வாடா பின்னால. பெரியவங்ககிட்ட இன்னா வம்பு ஒனக்கு?” என்று நிஞ்ஜாவை அதட்டினார். நாலாம் பாகத்தில் நிஞ்ஜாவுக்குத் திரும்பி நடக்கத் தெரியும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். திரும்பினான். நடந்தான். கோட்டையை விட்டு வெளியே வந்து ஆற்றங்கரையில் நின்றான்.

“தண்ணி நல்லா ஓடுது மாப்ள. ரெண்டு போகம் எடுக்கலாம்.”

சாயங்காலம் வரைக்கும் கரையோரம் மேலும் கீழும் நடந்து நிலம் பார்த்தார்கள், மாமனாரும் நிஞ்ஜாவும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிழவன் நாலாவது பாகத்திலும் சௌக்கியமாக இருந்தான். மோசஸ் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் பூமிகா தாம்பூலப் பையோடு வந்தாள்.

“உங்க கூடவே இருந்தாரா, நைனா?”

“எழுந்துக்கவே இல்லமா. தங்கமான மாப்ள. அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லிக்கிறாரு.”

நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

அவர் கை கழுவப் போனதும் பூமிகா தாம்பூலப் பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“பாவம், நிஞ்ஜாவால இன்னிக்கும் கெழவன முடிக்க முடியல போல,” என்றாள்.

‘நிஞ்ஜா’ அவள் வாயில் அட்சர சுத்தமாக வந்தது.