மாமியும் நானும் தோட்டவெளி ஸ்டேஷனும்

காதலித்துக் கலியாணம் கட்டியவனுடன் மாமியார் பேசினாலும் பிரச்சினை, பேசாவிட்டாலும் பிரச்சினை. பேசாவிட்டால்தான் கூடுதல் பிரச்சினை. திட்டு என்றால் காதால் வாங்கிக்கொண்டு போய்விடலாம், மௌனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

என் மாமி கலியாணமாகிப் பதினான்கு மாதங்களாக என்னுடன் ஒரு சொல் பேசவில்லை. உயிலங்குளத்தில் வயலும் மாடுமாக இருந்த குடும்பம். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, இலங்கைக்குத் திரும்பி வந்து வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்த என்னை அவருடைய மகள் சுகந்தி கட்டிக்கொண்டதை அவர் மன்னிக்கவேயில்லை. நான் இரண்டடி தள்ளிக் கதிரையில் இருப்பேன். "பிள்ளை, தேத்தண்ணி ஆறுது எண்டு அவருக்குச் சொல்லு" என்பார். சுகந்தி என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி ஆறுதாம்" என்பாள்.

மாமியிடமிருந்து எனக்கென்று ஒரு சொல்லாவது வாங்காமல் விடுவதில்லை என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மன்னார்த் தீவின் கோடியிலுள்ள தலைமன்னாரை மாமி பார்த்ததேயில்லை. பஸ் ஏறினால் ஐந்தாவது நிமிடம் சத்தி எடுப்பார். ஓட்டோவிலும் அதே கதை. ரயிலில் கூட்டிக்கொண்டு போய்த் தீவு முழுவதையும் காட்டினால் மனம் இளகாதா என்ன? (எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்த வயதில் எல்லாம் இளகும் என்றுதான் தோன்றும்.) நான் வளர்ந்த முகாம் சென்னைக்குப் பக்கத்தில். அங்கே ஒரு மின்சார ரயிலை விட்டால் சற்று நேரத்தில் அடுத்தது வந்து நிற்கும். ஆகவே என் திட்டம் மிக எளிமையானது: ஒரு ஸ்டேஷனில் இறங்கு, ஊரைப் பார், அடுத்த ரயிலில் ஏறு.

"அடுத்த ரயில் எத்தினை மணிக்கு எண்டு ஆரிட்டையும் கேட்டனீங்களோ?" என்றாள் சுகந்தி.

"தண்டவாளம் இருந்தா ரயில் வராமலா போயிடும்?" என்றேன். (இந்த வசனத்துக்காக என்னை நானே அறைய வேண்டும்.)

மச்சான், அதாவது சுகந்தியின் அண்ணன், தன் லாண்ட்மாஸ்டர் கை டிராக்டரின் பெட்டியில் எங்களை ஏற்றி, வயல் ஒழுங்கைகளால் ஓட்டி வந்து முருங்கன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். ரயில் வந்தது. சத்தி வரவில்லை. தீவுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. மாமி யன்னலோரம் இருந்து சிரித்தார். என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சிரிப்போடு நேரே தலைமன்னாருக்குப் போயிருந்தால் இன்றைக்கு நான் மரியாதையுள்ள மனிதன்.

ஆனால் திட்டம் என்று ஒன்று இருந்ததே! பாதி வழியில், தோட்டவெளி ஸ்டேஷனில் இருவரையும் இறக்கினேன். போன் வரைபடத்தில் கீரிக் கடற்கரை அங்கிருந்து நகமளவு தூரம். அந்த நகத்தைக் கொதிக்கும் வெயிலில், சோற்றுப் பைகளோடு நடந்தோம். கடல் வரவேயில்லை. மாமி ஒரு பனையடியில் இருந்துவிட்டார்.

"பிள்ளை, கடலை இஞ்சை கொண்டு வரட்டாம் எண்டு அவருக்குச் சொல்லு."

திரும்பி ஸ்டேஷனுக்கு வந்தோம். ஈ காக்கை இல்லை. வெளியே ரோட்டுக்குப் போய், மோட்டார் சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு போன எருக்கலம்பிட்டி முஸ்லிம் நானா ஒருவரை மறித்து, அடுத்த ரயில் எப்போது என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீங்க இறங்கினதுதான் ரயில். இனிப் பின்னேரம் கொழும்புக்கு ஒண்டு போகும். அது இங்க நிக்குமோ எண்டு எனக்குத் தெரியாது."

நான் திரும்பி வந்து, "பின்னேரம் ஒண்டு இருக்காம்" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

சாப்பிட்டோம். என் பார்சல் சுகந்தி வழியாக வந்து சேர்ந்தது. ஒரு கழுதை வந்து பையை முகர்ந்தது. "அங்கால போ மோனை, உனக்கு இதிலை ஒண்டுமில்லை" என்று மாமி அதனிடம் நேரடியாகவே சொன்னார். மன்னார்க் கழுதைக்குக் கிடைத்த மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்தபோது உண்மையாகவே அழுகை வந்தது. மணிக்கணக்காக அப்படியே இருந்தோம். மாமியின் முகத்தில் காலையில் கண்ட சிரிப்பின் சுவடே இல்லை. பதினான்கு மாதம் இனிப் பதினான்கு வருடமாகிவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பின்னேரம் கூ என்ற சத்தம் கேட்டது. நான் பாய்ந்துபோய் மேடையின் விளிம்பில் நின்று கைலேஞ்சியை ஆட்டினேன். ரயில் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு கைகளையும் ஆட்டினேன். பெட்டியிலிருந்தவர்கள் மகிழ்ந்துபோய்த் திருப்பிக் கையாட்டினார்கள். ஒவ்வொரு யன்னலிலும் ஆட்டினார்கள். ஒரு குழந்தை முத்தம்கூடப் பறக்கவிட்டது. கடைசிப் பெட்டியும் போய், பனைகளுக்குள் மறைந்து, சத்தமும் அடங்கிவிட்டது. நான் மட்டும் இன்னும் ஆட்டிக்கொண்டே நின்றேன்.

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"ரயில் போயிட்டுது தம்பி. கையை இறக்குங்கோ."

சுகந்தியின் குரல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் தவமிருந்து நான் வாங்கிய வரம் இதுதான். "சரி மாமி" என்று சொல்லிக் கையை இறக்கினேன். வேறு என்ன சொல்ல?

சுகந்தி போனில் கூப்பிட, பொழுதுபடும் நேரம் மச்சான் லாண்ட்மாஸ்டரில் வந்து ஏற்றினார். அது திறந்த பெட்டி என்பதால் மாமிக்குச் சத்தி வரவில்லை, பேச்சுத்தான் வந்தது. உயிலங்குளம் வரைக்கும் நேரடியாக என்னைப் பார்த்தே பேசினார். என் மூளை, என் போன், என் நகமளவு கடல், ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தடவை வண்டியை நிறுத்தினார்.

அதன் பிறகு மாமி பேச்சை நிறுத்தவில்லை. இப்போது சுகந்தி என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியின் பேச்சுக்கு நடுவில் இடம் தேட வேண்டியிருக்கிறது. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் எங்கே போனாலும், என்னைத் தெரியாதவர் யாராவது எதிர்ப்பட்டால் மாமி விடமாட்டார். என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்திவிடுவார்.

"இவர்தான் என்ர மருமோன். ரயில் போன பிறகும் கையாட்டினவர்."