அம்மா கட்டிய மலை

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு, இந்தக் கடிதத்தின் கடைசி வரி வரைக்குமாவது உன் பாசத்துக்குரிய தங்கை எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம், அம்மா நலம், அப்பா நலம். மலை நலமில்லை. உன் நலம் அறிய ஆவல்தான். இதைப் படித்து முடித்த பிறகு மிச்சமிருக்கும் நலத்தை அறிய அதைவிட ஆவல். போனில் சொன்னால் நடுவில் கத்துவாய். காகிதமென்றால் நீ எவ்வளவு கத்தினாலும் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும். அதனால்தான் பெட்டியின் மூடிமேல் ஒட்டி அனுப்புகிறேன். முதலில் உட்கார். பிறகு படி. பிறகு திற.

நாளைய கட்டடக்கலைத் தேர்வுக்கு வரைபடங்களை அச்செடுக்க நேற்று விடுதிக்கு ஓடும்போது நீ சொன்னது ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: "ஏய் வாலு, மாடல்ல மரம் மட்டும் ஒட்டு. வேற எதையாவது தொட்டே, கட்டர் கத்தி உனக்குத்தான்." ஒட்டினேன். ஸ்பாஞ்சைப் பிய்த்து, பச்சைச் சாயத்தில் முக்கி, பல்குச்சியில் குத்தி, மலையடிவாரத்தில் நாற்பது மரம். எல்லாம் ஜம்மென்று நின்றன. நின்ற பிறகுதான் மலை கண்ணை உறுத்தியது. ஆறு அடுக்குத் தெர்மாகோல், வெள்ளை வெளேரென்று, படிக்கட்டு மாதிரி. போன தடவை உன் பேராசிரியர், "கட்டடம் மலைமேல கொண்டுவந்து வச்ச மாதிரி இருக்கும்மா, முளைச்ச மாதிரி இல்ல" என்று திருப்பி அனுப்பியதும், நாளைக்கும் அதையே சொன்னால் ஒரு வருடம் மறுபடி படிக்க வேண்டுமே என்று நீ தலையணைக்குள் அழுததும் (நம் வீட்டுச் சுவர் மெல்லிசு) ஞாபகம் வந்து, நல்லது செய்வோமே என்று அப்பாவின் சைக்கிளுக்கு வாங்கிய பழுப்பு ஸ்ப்ரே பெயிண்டை எடுத்து மலைமேல் ஒரே ஒரு புஸ் அடித்தேன். தொடவில்லை, கவனி. தூர நின்றுதான்.

தெர்மாகோலுக்கும் ஸ்ப்ரேக்கும் ஆகாதென்று நீயாவது சொல்லியிருக்கலாம். மலை சொய்யென்று உள்ளே போயி, பள்ளமாகி, உன் மூணு மாடி நூலகம் தூங்கி வழியறவன் மாதிரி சாய்ஞ்சு, ரெண்டு ஜன்னல் கழன்று விழுந்து, அதைச் சட்டுனு ஒட்டற பசையால ஒட்டினா, பசையோட ஆவி பட்டு அத்தனை ஜன்னலும் வெள்ளையாப் பூத்துப் போச்சு, உள்ளே யாரோ வெந்நீர்ல குளிக்கிற மாதிரி. நூலகத்துல யாரு அக்கா குளிப்பா? இதற்குள் அப்பா டேப்பைக் கரகரவென்று இழுத்துக்கொண்டு, "மூடிடவா? மூணு மணி பஸ்ஸுல பார்சல் போடணும்" என்று நாலாம் முறையாக வந்து நிற்கிறார். வீடு மாற்றும் கம்பெனியில் சாமான் கட்டிக் கட்டி, உள்ளே இருப்பது ஆடாமலிருந்தால் போதும், என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

அம்மாதான், "இதுக்கா இந்த முழி முழிக்கிற? தள்ளு" என்று, பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பின்னறையிலிருந்து பிளாஸ்டர் மாவையும் ரப்பர் கிண்ணத்தையும் கொண்டுவந்தாள். கரைத்தாள், பள்ளத்தில் ஊற்றினாள், நூலகத்தை நட்ட நடுவில் அழுத்திச் சுற்றிலும் வழித்தாள், வழித்தாள், வழித்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, மேடும் பள்ளமுமா விடும்மா, அது மலை."

"எனக்குத் தெரியும் போடி. ஓரம் வழவழன்னு இல்லேன்னா நாக்குல உறுத்தும்."

"மலைக்கு ஏதும்மா நாக்கு?"

அம்மாவுக்குக் கேட்டது, அம்மாவின் கைக்குக் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் இறுகிவிட்டது. பார்த்தால், ஒரு முழுக் கீழ்த்தாடை. அதில் கடைவாய்ப் பல்லாக உன் நூலகம். அம்மா மொட்டை மாடியைக் கட்டை விரலால் ஆட்டிப் பார்த்து, "அசையல. இனி எலும்பையே கடிக்கலாம்" என்றாள்.

ஆனால் அக்கா, இது விளையாட்டில்லை. கன்னத்தை மேசையில் வைத்து, ஸ்பாஞ்சு மரங்களுக்கு நடுவே ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கட்டடம் முளைத்திருக்கிறது. நிஜமாகவே. அவர் கேட்டது இதைத்தானே? பூத்த ஜன்னலைக் கேட்டால், படிப்பவர்களுக்கு வெயில் கூசாமலிருக்க என்று சொல். தாடை என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை, பார்ப்பவர்களுக்கு அது வெறும் வெள்ளை மலை. நீ சிரிக்காமல் நின்றால் ஜெயித்தாய். அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காதே.

அம்மாவின் ஆசியும், அப்பாவின் "பாத்து இறக்கு"வும், என் மன்னிப்பும் இதே பெட்டியில் வருகின்றன. ரொம்பக் கனம். இரண்டு பேராகத் தூக்கவும்.

இப்படிக்கு,
எதையும் தொடாத தங்கை

பி.கு.: இதை எழுதி முடிப்பதற்குள் அம்மா, "வெள்ளையா விட்டா அரைகுறையாத் தெரியும்டி" என்று, தன்னிடமிருந்த ஒரே நிறத்தை மலை முழுக்கப் பூசிவிட்டாள். ஈறு நிறம். இளஞ்சிவப்பு. பளபளவென்று, ஈரமாக இருப்பது போலவே இருக்கிறது. காய்ந்துவிட்டது, சுரண்டினாலும் வராது. அப்பா பெட்டியை மூடிவிட்டார். வரைபடத்தில் ஏதாவதொரு மூலையில், "காலை ஆறு மணி, சூரிய உதயம்" என்று உடனே எழுதிவிடு.