குலுங்காத நாற்காலி

என் மனைவி நீலாவதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவள் பேச்சைக் கேட்காமல் ஒருநாளாவது ஓட்டவேண்டும் என்பது என் வாழ்நாள் லட்சியம். அது நிறைவேறாமலே போயிருக்கலாம்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. டிரைவர் இல்லாத வேனை அறைக்குள் உட்கார்ந்தே ஓட்டவேண்டும். எதிரே திரை, கையில் ஸ்டீயரிங். ஜங்ஷனிலிருந்து சூளைக்கு வேன் ஆட்களை ஏற்றிவரும். இன்னும் சோதனை ஓட்டம்தான். சொகுசாக வந்தேன் என்று பயணி சொன்னால் வேலை நிரந்தரம்.

“உங்க வூட்டுலேருந்தே ஒருத்தரைக் கூட்டியாங்க சார்” என்றாள் இன்ஜினியர் துர்கா.

நீலாவதியை ஏற்றினேன். அவள் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

“ஏங்க, பள்ளம் வந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“டிவியில தெரியும்.”

“கண்ணுக்குத் தெரியறது வேற, இடுப்புக்குத் தெரியறது வேற. அந்த வளைவுல மெதுவா...”

ஸ்பீக்கரை அணைத்தேன். என்ன நிம்மதி. ஓரத்துத் திரையில் அவள் வாய் ஊமைப்படம் போல அசைந்தது. வழக்கமான திட்டுதான் என்று தலையாட்டிக்கொண்டே ஓட்டினேன். என் நாற்காலி கோயில் தூண் மாதிரி அசையவே இல்லை.

வேன் நின்றதும் போய்ப் பார்த்தால், சூளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்கிறாள்.

“நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தினேனே. கேக்கலியா?”

“லைன்ல ஏதோ கோளாறு, நீலா.”

வெளுத்துப்போன அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குள் துர்கா வந்துவிட்டாள்.

“எப்படிக்கா இருந்துச்சு?”

என் வேலை நீலாவதியின் நாக்கு நுனியில் நின்றது.

“அவரு நல்லாத்தாம்மா ஓட்டறாரு. குலுங்கறதுதான் அவருக்குத் தெரியல. அந்த நாற்காலியும் கூடவே ஆடினா, பூப்போல ஓட்டுவாரு.”

மறுவாரமே நாற்காலிக்கு அடியில் மோட்டார் வைத்தார்கள். வேலை நிரந்தரம். இடுப்புவலியும் நிரந்தரம்.

நேற்று குப்புறப் படுத்திருந்தேன். அவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனசு கேட்கவில்லை.

“நீலா, அன்னிக்கு சத்தத்தை அணைச்சது நான்தான். தப்புதான்.”

“தெரியுங்க. பொய் சொன்னா உங்களுக்குக் காது சிவந்துடும்.”

“தெரிஞ்சுமா என் வேலையைக் காப்பாத்தின?”

“பின்ன, வூட்டுல அடுப்பெரிய வேணாமா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “இருந்தாலும் நாற்காலி ரொம்ப ஆடுது, நீலா. வேன்கூட அவ்வளவு ஆடாது.”

“ஆடாதுதான். எவ்வளவு வைக்கலாம்னு துர்கா போன்ல கேட்டுது. ரெண்டு மடங்கா வைம்மான்னேன். அந்தப் பக்கம் திரும்புங்க.”