பேசாத மனுஷனும் ஒழுகாத டேங்க்கும்

மதிப்பும் மரியாதையும் மிக்க அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் தம்பியின் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அங்கே அண்ணனின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், மாடியில் போட்ட புதுத் தளத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். போன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். நான் சொல்ல வந்தது என்னிடமே தங்கிவிடும்.

மாமா விட்டுப் போன காருக்கு ஆள் பார்த்துவிட்டதாகவும், மாசக் கடைசியில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றும் சொன்னீர்கள். அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் தம்பிக்காகக் கேட்கிறேன். எனக்கும் அந்தக் காருக்கும் ஆகாது என்பது உங்கள் குடும்பம் மொத்தத்துக்கும் தெரியும். மாமா அதை மூத்த பிள்ளையாக வளர்த்தார், உங்கள் தம்பி அதை அண்ணனாக மதிக்கிறார், நடுவில் நான் வந்த நாளிலிருந்து பெட்ரோல் வாசனையில் குடித்தனம் நடத்துகிறேன். டேங்க்கின் அடியில், தகடு மடிகிற ஓரத்தில் ஒரு கீறல். சொட்டுச் சொட்டாக ஒழுகும். உங்கள் தம்பி காலையில் எழுந்ததும் குளியல் சோப்பை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்து, அந்தக் கீறலில் அழுத்தித் தேய்த்து அடைத்துவிட்டு வருவார். பெட்ரோலில் சோப்பு கரையாதாம். கரையாமல் இருக்கட்டும், அது என் சோப்பு. முக்கால் கட்டி காருக்குப் போனபிறகு மிச்சத்தில்தான் மனுஷர்கள் குளிக்க வேண்டும். "இந்த டப்பாவை யார் தலையிலாவது கட்டித் தொலைங்க"ன்னு நானே நூறு தடவை கத்தியிருக்கேன். என்னைக்காவது பத்திக்கும்னு நீங்க சொன்னதும் நியாயம்தான், இல்லைன்னு சொல்லலை.

ஆனா நீங்க போன் பண்ணின மறுநாள்லேருந்து உங்க தம்பி பேச்சை நிறுத்திட்டார். உங்களுக்குத் தெரியாததா அண்ணி, டிவி செய்திக்குப் பதில் சொல்ற மனுஷன், ராங் நம்பர்ல கூப்பிட்டவன்கிட்ட அவன் குடும்பத்தை விசாரிச்சு கால் மணி நேரம் பேசுற மனுஷன். இப்போ எது கேட்டாலும் "ம்", இல்லேன்னா "ம்ஹூம்". தட்டுல போட்டது பாதி அப்படியே கிடக்கு. ஷெட்ல நாற்காலியைப் போட்டு, காருக்கு எதிரே கன்னத்துல கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், கண்ணு வேற கலங்கியிருக்கு. "கார் போகுதேன்னு இருக்கா"ன்னு கேட்டேன். "ம்"ன்னார். இவர் கொஞ்ச நேரம் வாயை மூடினாத் தேவலைன்னு கல்யாணமான நாள்லேருந்து வேண்டிக்கிட்டவ நான். மூடின பிறகுதான் எங்க வீடு எவ்வளவு பெருசுன்னு தெரியுது. நிஜமாவே பயந்துட்டேன் அண்ணி.

ஒழுகுறதுனாலதானே விக்கச் சொல்றீங்க, ஒழுகாம பண்ணிட்டா பேச்சே இல்லைன்னு முடிவு பண்ணி மெக்கானிக்கை வரவழைச்சேன். அவர் காருக்கு அடியில தலையை விட்டுப் பார்த்துட்டு, "வெல்டிங் வைக்க மாட்டேன்மா. உள்ள பெட்ரோல் ஆவி இருக்கும், நெருப்பைக் காட்டினா டேங்க் ஒரு பக்கம் போகும் நான் ஒரு பக்கம் போவேன்"ன்னார். சீலர்னு ஒரு கெட்டித் திரவம் டின்ல வருதாம், உள்ள ஊத்தி எல்லாப் பக்கமும் படிய உருட்டினா ஓட்டையை உள்ளேயிருந்தே அடைச்சுடுமாம். "கழட்டித் தரேன். உருட்டுறது உங்க பாடு, எனக்கு இடுப்பு சரியில்லை"ன்னு டேங்க்கை எங்க கூடத்துல இறக்கி வச்சுட்டுப் போயிட்டார்.

சீலர் ஊத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற துரு போகணும். சோப்புத்தூளைக் கரைச்சு ஊத்தி அலசு அலசுன்னு அலசினோம். அப்புறம் ஒரு கை நட்டு போல்ட்டை உள்ள போட்டு, பழைய போர்வையில டேங்க்கைச் சுத்தி, அவர் ஒரு முனை நான் ஒரு முனைன்னு பிடிச்சுக் குலுக்கினோம். கீழ் வீட்டம்மா ஏறி வந்து, வீட்டுல யாராவது மேளம் கத்துக்கிறீங்களான்னு கேட்டுட்டுப் போனாங்க. உள்ளேயிருந்து வந்த தண்ணி செங்கல் நிறத்துல இருந்தது, மாமா காலத்துத் துரு அத்தனையும். போட்ட நட்டு எத்தனைன்னு உங்க தம்பி எண்ணாம போட்டிருக்கார். ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்த காந்தத்தை நூல்ல கட்டி உள்ள விட்டு ஒவ்வொண்ணா மீன் பிடிக்கிற மாதிரி பிடிச்சேன். இனி இல்லைன்னு நினைச்சுத் தூக்கினா உள்ளேயிருந்து கடகடன்னு ஒண்ணு கூப்பிடும். இதுக்கெல்லாம் இவர் சிரிப்பார்னு பார்த்தேன். வாயே திறக்கலை. மொட்டை மாடியில நல்ல வெயில்ல காய வச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ளே புதுப் பாத்திரம் மாதிரி மின்னுது. என் வீட்டுப் பாத்திரம்கூட அப்படி மின்னினதில்லை.

சீலர் ஊத்தின அன்னைக்குத்தான் அந்தக் கூத்து. ஊத்திட்டா நிறுத்தக் கூடாது, மெதுவா திருப்பிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா எல்லாம் ஒரு மூலையில போய் உறைஞ்சுடும்னு டின்னுல போட்டிருக்கு. ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து திருப்பிக்கிட்டிருந்தோம். பெட்ரோல் போற வர்ற துளைகளை அடைச்ச டேப் ஒரு இடத்துல விட்டுப்போச்சு. இவர் டேப் வாங்கக் கடைக்குப் போனவர் ஆளைக் காணோம். மடியில டேங்க், விட்டுப்போன இடத்துல கட்டைவிரல், நான் தனியா. அந்த நேரம் பார்த்து வாசல் மணி. "திறந்துதான் இருக்கு, வாங்க"ன்னு கத்தினேன். வெள்ளைப் பேன்ட் வெள்ளைச் சட்டையில ஒருத்தர் வந்தார். மெக்கானிக் மனசு மாறி ஆள் அனுப்பியிருக்கார்னு நினைச்சு, "நல்ல நேரத்துல வந்தீங்க, அந்த முனையைப் பிடிங்க"ன்னேன். பிடிச்சுட்டார் பாவம். நாலஞ்சு தடவை திருப்பின பிறகு, "எந்த ஒர்க்‌ஷாப் நீங்க"ன்னு கேட்டா, "நான் ஓட்டல் வச்சிருக்கேம்மா. காரை வாங்கப் போறது நான்தான், ஒரு தடவை பார்க்கலாம்னு வந்தேன்"ங்கிறார். என்ன பண்ணச் சொல்றீங்க, கீழே வைக்க முடியாது. "பரவாயில்லை, பேசிக்கிட்டே திருப்புங்க"ன்னேன்.

அவர் பேசினார். இன்ஜினைக் கழட்டிப் போட்டுருவாராம். டேங்க்கும் வேண்டாமாம், வீணா கஷ்டப்படாதீங்கன்னு எனக்கு ஆறுதல் வேற. காரை ஓட்டல் வாசல்ல நிறுத்தி, பானெட்டைத் திறந்து இன்ஜின் இருந்த இடத்துல மண்ணு கொட்டிப் பூச்செடி வைப்பாராம், சாப்பிட வர்றவங்க நின்னு போட்டோ எடுத்துக்குவாங்களாம். நல்ல மனுஷன்தான், முகத்துல கள்ளம் இல்லை. ஆனா எனக்கு வந்த கோபம் இருக்கே அண்ணி, எங்கேயிருந்து வந்ததுன்னு இன்னும் தெரியலை. ஓடுற காரை யாராவது தொட்டியாக்குவாங்களா? உங்களுக்கு இது தெரிஞ்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். உங்க தம்பி டேப்போட வந்து சேர்ற வரைக்கும் அவரை விடலை. போகும்போது அந்த வெள்ளைப் பேன்ட்ல சீலர் பட்டிருந்தது, அது துவைச்சாப் போகாதுன்னு நான் சொல்லலை.

நல்லா உறையட்டும்னு சில நாள் விட்டு, மெக்கானிக் வந்து மாட்டி, பெட்ரோல் நிரப்பி, அடியில செய்தித்தாளை விரிச்சு வச்சோம். காலையில முதல் வேலையா போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. பேப்பர் அப்படியே மொடமொடன்னு இருந்தது, உட்கார்ந்து அதைப் படிச்சேன். சாயங்காலம் ரெண்டு பேருமா நாலு தெரு சுத்தி வந்தோம். பெட்ரோல் வாசனையே இல்லாம அந்த முன் சீட்டுல உட்கார்ந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சந்தோஷமா இருந்தது அண்ணி, மறைக்க என்ன இருக்கு. உங்க தம்பிதான் அப்பவும் பேசலை. நீங்க இன்னும் முடிவா ஒண்ணும் சொல்லலையே, அதான். "விக்கலை"ன்னு உங்க வாயால ஒரு வார்த்தை வந்தா அவர் வாய் திறக்கும். உங்க தம்பிக்காக இதைச் செய்யுங்க. இதுவரைக்கும் நான் உங்களை ஒண்ணும் கேட்டதில்லை, கேட்டிருந்தா மறந்துடுங்க.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று நன்றாக இருக்கட்டும். நேரில் என்றால் உங்கள் காலில் விழுந்து கேட்டிருப்பேன். டேங்க்கைத் திருப்பியதில் முதுகு பிடித்திருப்பதால், மனசால் விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டச் சொல்லி உங்க தம்பிகிட்ட கொடுத்தேன். ஒட்டாம முழுசாப் படிச்சுட்டார். படிச்சுட்டு, "பல்லு"ன்னார். கடைவாய்ப் பல்லாம். சொன்னா பல் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவேன்னு பயந்து இத்தனை நாளும் வாயை இறுக்கி மூடிக்கிட்டு இருந்திருக்கார். அன்னைக்கு டேப் வாங்கப் போனவர் மருந்துக் கடையில நின்னிருக்கார். காரைப் பத்திக் கேட்டா, "அக்கா சொன்னாச் சரிதான், பூச்செடியோட வாசல்ல நின்னா அழகாத்தான் இருக்கும்"ங்கிறார். வலியில அவரால ஓட்ட முடியாதுன்னு, எப்பவோ எடுத்து பீரோவில போட்டிருந்த என் லைசென்ஸைத் தேடி எடுத்து, அவரைப் பக்கத்துல உட்கார வச்சு நானே டாக்டர் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். முதல்ல ரெண்டு தடவை வண்டி நின்னு போச்சு. மெயின் ரோட்டுல திரும்பின பிறகு நிக்கலை. பல்லைப் பிடுங்கியாச்சு, திரும்பி வர்ற வழி பூரா பாதி வாயால பேசிக்கிட்டே வந்தார், இப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்கார். இதையெல்லாம் மறுபடி எழுத எனக்கு நேரமில்லை அண்ணி, மெக்கானிக்கைப் பிரேக் பார்க்க வரச் சொல்லியிருக்கேன். லாரி மட்டும் வரக் கூடாது. மேலே "உங்க தம்பிக்காக"ன்னு எழுதியிருக்கிற இடத்துல எல்லாம் "எனக்காக"ன்னு மாத்திப் படிச்சுக்கோங்க.