ஆளுக்கு ஓர் அட்டை

நான் ஒரு கோழை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு வகுப்பே சாட்சியாக இருக்கும்போது வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம். நான் பண்டாரவளையில் வாப்பாவின் கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவள். எங்களுக்கு அட்டை என்றால் சாமான் வரும் பெட்டியின் தடித்த தாள்தான். பள்ளியில் ஆய்வுகூடம் கிடையாது. கல்வி அலுவலகத்து ஆலோசகர் வந்து பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். எனவே கிடைத்ததை அட்டையில் ஒட்டி வகைபிரிக்கும் பாடம் ஒன்றைத் தயாரித்தேன். (பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு!)

"சுத்துவட்டாரத்துல கெடைக்கிறத கொண்டு வாங்க. இலை, கல்லு, மண்ணு, ஆளுக்கொரு அட்டை."

"அட்டையுமா டீச்சர்?" என்று கேட்டாள் ஐந்தாம் வகுப்புக் கவிதா.

"அதுதான் முக்கியம்."

மறுநாள் விடாத மழை. ஆலோசகர் பின்வரிசையில் உட்கார்ந்தார். "அட்டைய மேசையில வைங்க" என்றேன். இருபது போத்தல்கள் திறந்தன. இரத்தம் உறிஞ்சும் அட்டைகள்! தோட்டத்தில் அட்டை என்றால் அது ஒன்றுதான். எல்லாம் எழுந்து நின்று ஆள் தேடின. நான் நாற்காலிமேல் ஏறியது எப்படி என்று இன்றுவரை தெரியாது.

கவிதா பாடத்தை விடவில்லை. மேசையில் வெண்கட்டியால் வட்டம் போட்டு, நடுவில் ஓர் அட்டையை விட்டாள். அது கோட்டைத் தாண்டியது. பிறகு ஈரச் சவர்க்காரக் கட்டியால் ஒரு வட்டம். விளிம்பைத் தொட்டதும் அட்டை சுருங்கித் திரும்பியது.

"இது எப்பிடிம்மா தெரியும்?" என்றார் ஆலோசகர்.

"கொழுந்தெடுக்கப் போறப்ப அம்மா கால்ல சவக்காரம் தேச்சிக்குவாங்க சேர். மழையில கழுவிக்கிட்டுப் போயிரும். அப்புறம் கடிக்கும். தெனமும் கடிக்கும்."

நான் மெதுவாகக் கீழே இறங்கினேன். அவமானமாக இருந்தது, அட்டைக்குப் பயந்ததற்காக மட்டுமல்ல.

ஆலோசகர் எழுதினார்: 'பாடம் மிக நன்று. ஆசிரியர் தரையில் நின்று கற்பிப்பது விரும்பத்தக்கது.' வேலை நிரந்தரமானது. அதை வாங்கித் தந்தவள் கவிதா.

இன்றும் அவசரத்தில் "என்ட அடையாள அட்டை எங்க?" என்று நான் தேடினால், நானா (எங்கள் வீட்டில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) தலை நிமிராமலே, "காலப் பாரு தங்கச்சி" என்பார். வீடே சிரிக்கும், நானும்தான். ஆனால் மழையில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் எதிரே வந்தால், முகத்துக்கு முன் நான் அவள் காலைத்தான் பார்க்கிறேன்.